கடைசி வளைவு

"கண் போற பக்கம்தான் பைக் போகும். வளைவுல ரோட்டப் பாக்காத, வெளிய போற வழியப் பாரு. பாதிக் குண்டி சீற்றுக்கு வெளிய, முழங்கால் நிலத்தத் தொடணும். விளங்குதா?"

"ஓம் நானா," என்றான் நிரோசன்.

பயிற்சி கொடுத்த அஸ்ஹானுக்கு அவன்மேல் பெரிய நம்பிக்கை. எத்தாளை ஊரிலிருந்து வியாபாரத்துக்காக நாளுக்கு அறுபது கிலோமீற்றர் பைக் ஓடுகிறவன்.

ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் நிரோசன்தான் முன்னால் வந்தான். கடைசி வளைவில் அழகாகச் சரிந்தான். முழங்கால் தரையை உரசியது. திடீரென நிமிர்ந்தவன், பந்தய பைக்கில் இல்லாத ஹோர்னைப் பெருவிரலால் அமுக்கியபடி வேலியோரம் போய்க் காலூன்றி நின்றுவிட்டான். எட்டுப் பேர் அவனைக் கடந்து போனார்கள்.

அஸ்ஹான் மூச்சிரைக்க ஓடி வந்தார். "ஏன்டா நிண்ட?"

"வேலிக்கு அங்கால நிஸ்மியா ராத்தா கையக் காட்டினா, நானா."

"உன்ன உற்சாகப்படுத்தத்தான்டா காட்டினா!"

"அது நிண்ட பிறகுதான் விளங்கிச்சு. பத்து வருசமா அவட கையக் கண்டா மீன் பெட்டியோட நிக்கிறவன் நான். பழக்கத்துல, சூரை மீன் இருக்கு, எவ்வளவு வேணும் எண்டும் கேட்டுட்டன்."

அஸ்ஹான் தலையில் கை வைத்தார். "அவ என்ன சொன்னா?"

"அரைக் கிலோவாம், நானா. வெட்டித் தரட்டாம்."