நனைந்த தலைமுடி

இரண்டு மணி நேரப் படத்தைத் தொடங்கி ஐந்து மணி நேரமும் பத்து நிமிடமும் ஆகிறது. மில்லிக்கன் பகுதியில் இருக்கும் தங்கள் வீட்டுக் கராஜில், அடுக்கிவைத்த பனிக்காலக் கார் ரயர்களின் மேல் லப்டொப்பை வைத்துக்கொண்டு நிற்கிறாள் கௌசி. படம், ஆஸ்திரேலியக் கடலோரத்தில் அலைச்சறுக்குப் பலகைகளைக் கையாலேயே செய்துபார்த்த காலத்து அண்ணன் தங்கையின் கதை. அவர்கள் இன்னும் ஓர் அலையைக்கூட ஒழுங்காக ஏறி முடிக்கவில்லை.

“நிப்பாட்டு, நிப்பாட்டு! அந்த வளைவைப் பாக்கவேணும்,” என்கிறான் அவளுடைய அண்ணன் பிரவீனன். படத்தைப் பார்த்துப் பார்த்து அவனும் ஃபோம் கட்டியைத் தேய்த்து ஓர் அலைச்சறுக்குப் பலகை செய்கிறான்; புருவமெல்லாம் வெள்ளைத் தூள். பாதி திறந்த கதவால் வரும் ஒக்டோபர் வெயிலில் அந்தத் தூள் மிதந்து மிதந்து அவளுடைய தேத்தண்ணிக் கோப்பைக்குள் இறங்குகிறது.

“இது பதினேழாவது தரம், அண்ணா. மனுசரைப் படம் பாக்க விடு.”

“படம் பாக்கவோ உன்னைக் கூப்பிட்டனான்? நாளைக்குக் காலமை ஏரியில நல்ல காத்தாம், அலை எழும்பும். இதில ஏறப்போறது நீதான் ஃபர்ஸ்ட்.”

பலகையை நிமிர்த்தி அவள் உயரத்துக்கு வைத்துப் பார்க்கிறான். அவள் சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள்.

“என்னடி நெளியிறாய்? ஆறு வருசம் சனிக்கிழமை சனிக்கிழமை நீச்சல் வகுப்புக்குப் போன ஆள்தானே நீ!”

லப்டொப்பைப் படாரென்று மூடுகிறாள் கௌசி.

“போனனான். நீ உன்ர வகுப்பில நிண்ட நேரம் நான் உடுப்பு மாத்திற அறையில இருந்தனான். பிறகு ஷவரில தலையை மட்டும் நனைச்சுக்கொண்டு வெளியில வருவன். எனக்கு நீந்தத் தெரியாது, அண்ணா.”