துண்டுக்குள் முடிந்த பேரம்

கஞ்சிச் சட்டியோடு உள்ளே நுழைந்த பாவாத்தாள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். கயிற்றுக் கட்டிலில் கிடந்த புருஷன் குப்பண்ணன் கையும், பக்கத்தில் குந்தியிருந்த சிக்கந்தர் ராவுத்தர் கையும் ஒரே துண்டுக்குள் இருந்தன.

இரண்டு மாட்டுத் தரகர்கள் கை ஒரு துண்டுக்குள் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பக்கத்தில் நிற்பவன் காதில் விலை விழாமல், விரலுக்குப் பத்து ரூபாய் என்ற கணக்கில், விரலைப் பிடித்தே பேரம் நடக்கிறது. அந்த வீட்டில் விற்பதற்கு மிச்சமிருந்ததோ மயிலைக் காளை ஒன்றுதான்.

"அடப் பாவி மனுசா" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். ஆறுதல் சொல்லத்தான் ராவுத்தரை ஆள்விட்டுக் கூப்பிட்டிருந்தாள்.

குப்பண்ணன் கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் வாயால் வாழ்ந்தவர். ஒருமுறை கிழட்டு எருமை ஒன்றை அவர் புகழ்ந்த புகழ்ச்சியில் எருமைக்கே வெட்கம் வந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டதாம். அந்த அடக்கத்துக்காகவே பொள்ளாச்சிக்காரன் ஒருவன் மேலே ஒரு ரூபாய் போட்டு ஓட்டிக்கொண்டு போனானாம்.

அந்த வாயில்தான், போயிலை அடக்குகிற இடது கன்னத்தில், புற்று வைத்தது. கோயமுத்தூரில் வெள்ளைக்காரத் துரை டாக்டர் விளக்குப் பிடித்துப் பார்த்தார். வெட்டினாலும் மறுபடி முளைக்கும், வலிக்கு மருந்து தருகிறேன், இன்னும் கொஞ்ச காலம் நடமாடலாம் என்றார்.

நடமாடலாம் என்றதை மட்டும் குப்பண்ணன் காதில் வாங்கவில்லை. ஊருக்கு வந்து படுத்தவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மூஞ்சியில் உட்கார்ந்த ஈயை விரட்டவில்லை. மாட்டுக் கொட்டத்தில் மயிலை கத்தினாலும் தலை தூக்கவில்லை. சந்தை நாளில் வண்டிகள் வீட்டைத் தாண்டிப் போகிற சத்தம் கேட்டதும் கதவைச் சாத்தச் சொல்லிச் சைகை காட்டினார். வலிக்கு மருந்து கேட்டது, மனசுக்குக் கேட்கவில்லை.

பார்க்க வந்த சனம் வேறு, ஆளுக்கொரு கமலாப்பழத்தையும், இதே நோவில் போய்ச் சேர்ந்த தன் சித்தப்பன் கதையையும் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனது.

நேற்று விடியும்போதுதான் அவர் வாய் திறந்தார். "போதும் புள்ள. நானே முடிச்சுக்கறேன்."

அதிலிருந்து பாவாத்தாள் அவரை விட்டு நகரவில்லை. ராவுத்தர் வந்ததும் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டு, அவரைக் காவலுக்கு உட்கார வைத்த பிறகே கஞ்சி காய்ச்சப் போனாள். அதற்குள் இது.

"ரொம்ப அநியாயமுங்கண்ணா" என்றார் ராவுத்தர். "நான் எங்கிருந்து எறங்கி வந்திருக்கேன். நீங்க ஒரு அடி ஏறி வரக்கூடாதா?"

துண்டு அசையவில்லை.

"செரி, இந்தாங்க. இன்னொரு வெரலையும் மடக்கிட்டேன். இதுக்கு மேல மடக்குனா எனக்குக் கை இல்லீங்க."

குப்பண்ணன் தலை மட்டும் மாட்டேன் என்று ஆடியது.

"குருட்டுக் காளைய என் தலையில கட்டுனீங்களே, அன்னிக்கு நான் ஒரு வார்த்தை பேசுனனா? அந்தப் பாவத்துக்காச்சும் ஏறி வாங்கண்ணா."

சுவரைப் பார்த்திருந்த முகம் மெதுவாகத் திரும்பியது. "குருடில்ல" என்றார் குழறலாக. "ஒரு கண்ணு நல்லாத் தெரிஞ்சுது."

"ஆமாமா. நான் எந்தப் பக்கம் நிக்கறனோ அந்தப் பக்கம் தெரியாது."

பேரம் சூடு பிடித்தது. உள்ளே இரண்டு கீரி சண்டை போடுவதுபோலத் துண்டு எழும்பி எழும்பி விழுந்தது. குப்பண்ணன் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

பாவாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. அந்தக் காளையையும் கொடுத்துவிட்டால் அப்புறம் இவரை இந்த வீட்டில் எது பிடித்து வைக்கும்? ராவுத்தரோ கொட்டத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கோழி வாங்கினாலும் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஆள், மயிலைக்குப் பல்லும் பார்க்கவில்லை, சுழியும் பார்க்கவில்லை. அத்தனை அவசரம்.

"படிஞ்சுது!" ராவுத்தர் துண்டை உதறித் தோளில் போட்டார். "மறுபடியும் வருவனுங்கண்ணா. அடுத்த தடவை இத்தனை லேசுல உடமாட்டேன்."

அடுத்த தடவை வந்து வாங்க இந்த வீட்டில் இனி என்ன இருக்கிறது என்று பாவாத்தாளுக்கு விளங்கவில்லை.

குப்பண்ணன் கஞ்சிக்குக் கை நீட்டினார். சட்டியை அவரிடம் கொடுத்துவிட்டு, ராவுத்தரை வாசலில் போய் மறித்தாள்.

"ஏனுங்க ராவுத்தரே, நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கன்னு கூப்புட்டா, நொந்து கெடக்கற மனுசங்கிட்டத் துண்டைப் போடறீங்களே, உங்களுக்கே அடுக்குமா? எத்தனைக்கு முடிச்சீங்க?"

"பத்துல ஆரம்பிச்சனுங்கக்கா. ஒண்ணுகூட மாட்டேன்னாரு. இழுத்துப் புடிச்சு மூணுக்குக் கொண்டாந்தேன்." ராவுத்தர் துண்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மூணா? எம் மயிலை முப்பது ரூவாக்கா போச்சு?"

"காளைய ஆருங்க கேட்டா? இன்னும் மூணு சந்தைக்கு உசுரோட இருக்கறேன்னு கை குடுத்திருக்காருங்கக்கா."