பிரபுவின் காது

கிட்டார் என்னுடையது. வாங்கப் போகிறவனும் நான்தான். ஆனாலும் படப்பை மியூசிக் கடையில் ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுக்க மணிகண்டபிரபு கூட வரவேண்டுமாம். "அவன் காது யாருக்கும் வராதுடா" என்று ரூமில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

நாள் முழுக்க பிரஸ் ஷாப்பில், இரும்புத் தகட்டை அடிக்கிற மெஷின் பக்கத்தில் நிற்பவன். அவனுக்குப் போய் இப்படியொரு காதா?

கடைக்காரர் ரத்தினம் முதல் ஆம்ப்ளிஃபயரைப் போட்டார். நான் வாசித்து நிறுத்தினேன். பிரபு கண்ணை மூடிக்கொண்டு அதில் காதை வைத்தான்.

"மெல்லிசா ஒரு இரைச்சல் வருதுல. ஒனக்கும் கேக்குதுல்லா?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதைச் சொன்னால் மானம் போய்விடும்.

"ஆமாமா" என்றேன்.

இரண்டாவதிலும் இரைச்சல் என்றான். மூன்றாவதிலும் அதையே சொன்னான்.

"தம்பிக்கு இன்னா காதுப்பா!" என்றார் ரத்தினம்.

வருஷக்கணக்காக விரல் தேய வாசிப்பவன் நான், பாராட்டு இவனுக்கு. 

கடையிலேயே உசத்தியானதை ரத்தினம் போட்டார். பிரபு மறுபடி கண்ணை மூடிக் காதை வைத்தான். நெடுநேரம் எடுக்கவே இல்லை.

"இதுல முன்னைவிட சத்தமால்லா வருது!"

நான் "ஆமாமா" சொல்ல வாயெடுத்தேன். ரத்தினம் என் கையை அழுத்தி, மேலே காட்டினார்.

ஃபேன் நின்றிருந்தது.

"கரண்டு போயி அஞ்சு நிமிஷம் ஆவுது" என்றார் மெதுவாக.

பிரபு இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"ஒனக்கும் கேக்குதுல்லா?"

"இல்ல பிரபு" என்றேன். "எனக்குக் கேக்கலடா."