திரியாய்ப் பக்கத்து மெக்சிக்கோ

"பிளேனுக்குப் பயந்த மனிசனைக் கட்டினா, காட்டுக்குள்ளதான் மெக்சிக்கோ பார்க்கணும்."

கார் நிலாவெளியைத் தாண்டும்போது பின் சீட்டிலிருந்த ரிப்கா சொன்னாள்.

ஓட்டிக்கொண்டிருந்த நுஸ்கி சிரித்தார். பக்கத்தில் அவர் மனைவி நஸ்ரியா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரிப்கா, நஸ்ரியாவின் ராத்தா; கூடப்பிறந்த மூத்தவள். அவளுடைய கோபத்திலும் நியாயம் இருந்தது.

கனடாவில் இருக்கும் நஸ்ரியாவின் மகன் ஹஸ்மி, உம்மாவையும் வாப்பாவையும் மெக்சிக்கோவுக்குக் கூட்டிப்போக எல்லாம் ஒழுங்கு செய்திருந்தான். மாயர்கள் விட்டுப்போன கல் நகரங்கள், கிணறுபோல் தரைக்குள் இறங்கும் நீலத் தடாகங்கள், ஒவ்வொன்றாகக் காரில் போய்ப் பார்ப்பதாக இருந்தது. நஸ்ரியா வருஷக்கணக்காக போனில் பார்த்த படங்கள் அவை. சொந்த ஊரான கிண்ணியாவில் அவள் இந்தப் பயணத்தைச் சொல்லாத வீடில்லை.

புறப்பட மூன்று நாள் இருக்கையில் நுஸ்கி சொன்னார்: "எனக்கு பிளேன்ல ஏற ஏலாது. பயமா இருக்கு."

பயணம் நின்றது.

"சனம் என்ன கதைக்குது தெரியுமா மச்சான்?" ரிப்கா விடவில்லை.

"தெரியும் மதினி. கதைக்கட்டும்."

திரியாய்ப் பக்கம் காட்டுப் பாதையொன்றில் கார் நின்றது.

பற்றைப் புதருக்குள் சரிந்து கிடந்தன பழைய கற்றூண்கள். வேர்கள் பின்னிய படிகள் எங்கேயோ ஏறி மரங்களுக்குள் மறைந்தன. நஸ்ரியா ஒவ்வொரு தூணையும் தொட்டுத் தொட்டு நடந்தாள், நித்திரையில் நடப்பவள்போல.

பாறைகளுக்கு நடுவே சுனை. பச்சைத் தண்ணீர்.

"ரெண்டு பேரும் ஆறுதலாக் குளிங்க. நான் காரடியில நிக்கிறன்" என்று நுஸ்கி போய்விட்டார்.

உடுத்த உடுப்போடு இருவரும் இறங்கினார்கள். மல்லாந்து மிதந்தால் மேலே இலைகள், இலைகளுக்கு நடுவே வட்டமாக ஒரு வானம். உடம்புக்குப் பாரமே இல்லை. நேரம் போனதும் தெரியவில்லை.

அந்த வானத்தைக் கடந்து சின்ன பிளேன் ஒன்று இரைந்துகொண்டு போனது.

"உன்ட மனிசன் காருக்குள்ள ஒளிச்சிருப்பார்" என்று ரிப்கா சிரித்தாள்.

சிரிப்பு வரவில்லை நஸ்ரியாவுக்கு. பாறையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ராத்தா, பயம் எனக்கு."

"என்ன?"

"படம் பார்க்கக்குள்ள ஆசையாத்தான் இருந்தது. டிக்கெட் வந்த நாள்ல இருந்து நித்திரை இல்ல. சூட்கேஸ் அடுக்கக்குள்ள கீழ குந்தியிருந்து அழுதன். ஊருக்கெல்லாம் சொல்லித் திரிஞ்சிட்டு, இனி எப்பிடி முகம் காட்டுற எண்டு."

ரிப்கா தண்ணீரை விலக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தாள்.

"இவர்தான் கண்டவர். சூட்கேஸை மூடி வெச்சிட்டு, 'எனக்குப் பயம் எண்டு நான் சொல்றன், நீங்க வாயைத் திறக்க வேணாம்' எண்டார். நானும் திறக்கல்ல. நீங்க சிரிக்கக்குள்ளயெல்லாம் பார்த்துக்கொண்டு இருந்தன்."

"அவர் நிசமாவே பயப்படல்லயா?"

நஸ்ரியா ஈரக் கையால் கண்ணைத் துடைத்தாள்.

"ஜன்னலோர சீட்தான் வேணும் எண்டு, மகனுக்கு மூண்டு தரம் போன் எடுத்தவர், ராத்தா."