ஒற்றை இறக்கைப் பரீட்சை

அப்பா நுண்ணோக்கியைத் தூக்கிவந்து டீ மேசையில் வைத்தபோதே, என்னைப் பெண் கேட்டு வந்திருந்த ரியோஹேய்க்கு முகம் வெளுத்துவிட்டது.

கண்ணாடித் தகட்டில் ஒரே ஒரு இறக்கை இருந்தது. குண்டுத்தேனீயின் இறக்கை. உடம்பு இல்லை.

எங்கள் ஹொக்கைடோத் தீவில் தேனீயின் வாலைப் பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். வெள்ளை வால் ஐரோப்பாவிலிருந்து வந்தது, செம்மஞ்சள் வால் நம்முடையது. அதனால்தான் அப்பா வாலைக் காட்டமாட்டார். ஆய்வு நிலையத்தில் காலமெல்லாம் இறக்கை நரம்புகளை அளந்தே இனம் பிரித்தவர்.

என்னைப் பெண் கேட்டு வருகிறவனுக்கு அந்த நரம்புகளை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். போன வருடம் வந்த வங்கிக்காரர், ஈயின் இறக்கையா என்று கேட்டார். அவருக்கு இரண்டாவது கோப்பை தேநீர் கிடைக்கவில்லை.

அதனால் குளிர்காலம் முழுக்க ரியோஹேய்க்குப் பாடம் எடுத்தேன். நரம்புகள் சேருகிற முனைகள், நடுவில் இருக்கிற சின்னச் சின்ன அறைகள், எந்த அறை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதெல்லாம். காதலிக்க வேண்டிய நேரமெல்லாம் இதிலேயே போயிற்று.

படிப்பு பிரச்சினை இல்லை. பிழைப்புதான் பிரச்சினை.

அவன் பிளாஸ்டிக் கூடாரம் போட்டுத் தக்காளி பயிரிடுகிறான். பூக்களில் மகரந்தம் சேர்க்க அவன் பெட்டி பெட்டியாக வாங்கி விடுவது அதே ஐரோப்பியத் தேனீயை. அனுமதி இருக்கிறது, சுற்றிலும் வலை இருக்கிறது. ஆனால் வலையைத் தாண்டித் தப்பியவை நம் தேனீக்களின் கூடுகளைப் பறித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு வசந்தத்திலும் அப்பா அவற்றைத் துரத்திக்கொண்டு வயல் வயலாக ஓடுகிறார். தக்காளிக்காரர்களைத் திட்டாமல் அவருக்குச் சோறு இறங்காது.

ஆகவே மாப்பிள்ளை வெங்காயம் போடுகிறார் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன்.

ரியோஹேய் குனிந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். காதுமடல் சிவந்தது.

மேசைக்கடியில் அவன் காலை இடித்தேன். நம்முடையது என்று சொல்லித் தொலை என்று அர்த்தம். அப்பாவாவது, ஐரோப்பாத் தேனீயை வீட்டுக்குள் விடுவதாவது.

ஐரோப்பாவுடையது என்றான் ரியோஹேய்.

அப்பாவின் புருவம் உயர்ந்தது. ஒரே பார்வையில் எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

"தினமும் பாக்குறேன் சார். எங்க தக்காளிக் கூடாரத்துல."

இவனுக்குப் பொய் வராது. அதற்காகத்தான் காதலித்தேன். அன்றைக்கு அதற்காகவே கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

இரண்டாவது கோப்பை ஊற்ற வந்த அம்மா கெட்டிலோடு திரும்பிப் போனாள்.

அப்பா தகட்டை எடுத்து வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தார்.

"பதில் சரிதான். வந்ததும் கோட்டைக் கழட்டி மாட்டுனீங்களே, அதோட காலர்ல உக்காந்திருந்துச்சு இது."

எனக்கு அழுகை வந்தது. ரியோஹேய் தரையில் நெற்றி படக் குனிந்து மன்னிப்புக் கேட்டான்.

தலை நிமிர்ந்தபோது அப்பாவைக் காணவில்லை. வாசலில் ரப்பர் பூட்ஸுக்குள் காலை விட்டுக்கொண்டிருந்தார்.

"எந்திரிப்பா. வலையில எங்க ஓட்டைன்னு வந்து காட்டு. கல்யாணத்துக்குள்ள தச்சு முடிக்கணும்."