கைகளுக்கு மட்டும் விசா

பூமிநாதனின் கைகளுக்கு மட்டும்தான் விசா. ஆள் பரமக்குடியில் வீட்டு நாற்காலியில் இருந்தான். கைகள் வெளிநாட்டில் யாரோ ஒரு கிழவிக்குத் தலை தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தன. உடம்போடு ஒட்டியிருந்தும் இங்கே அவை வெறுங்காற்றைத் தேய்த்தன.

முற்றத்துப் பெஞ்சில் அவன் அம்மாவின் உடல். மகன் வந்து தலையில் எண்ணெய் வைக்க வேண்டும் என்று சொந்தபந்தமெல்லாம் காத்திருந்தது.

“அஞ்சு நிமிசம் அவர் கையத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்கய்யா,” என்று ஏஜென்டிடம் போனில் கெஞ்சினாள் மனைவி வளர்மதி.

“விசா முடியிறவரைக்கும் கை அங்கதாம்மா. சட்டம்.”

போனை எறிந்தாள். ஆட்களைக் கூப்பிட்டு, பெஞ்சை அவனருகே நகர்த்தினாள். அவன் விரல்களில் எண்ணெயை ஊற்றி, மாமியாரின் தலையை அவற்றின் கீழே வைத்தாள். விரல்கள் நரைமுடிக்குள் புகுந்து பதமாகத் தேய்த்தன.

“அத்தையத் தொட்டுட்டீங்க. தெரியுதா?”

“இல்ல வளரு,” என்றான். “என் கைக்குத் தட்டுப்படுற தலை சூடா இருக்கு.”