ஹட்டனின் மூக்கு

ஒயின் புட்டியின் கார்க் வெளியே வந்ததும் கோபஸ் அதை மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடினார்.

ஒன்றும் வரவில்லை.

வராது என்று அவருக்கே தெரியும். எட்டு மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல், போகும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. இப்போது அவர் முகத்தில் இருப்பது கண்ணாடி மாட்ட ஒரு மேடு. அவ்வளவுதான்.

விஷயம் அவர் மனைவி டலீனுக்கு மட்டும் தெரியும். ஒயின் செய்கிறவனுக்கு மூக்கு செத்துவிட்டதென்று இந்த ஸ்வார்ட்லாண்ட் வட்டாரத்தில் ஒருவர் காதில் விழுந்தால் போதும், பொழுது சாய்வதற்குள் அது கேப் டவுன் போய்ச் சேர்ந்துவிடும்.

கேப் டவுனோ இன்று அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. பெர்சிவல் ஹட்டன். ஒயின் விமர்சகர்.

ஹட்டன் ஒரு தடவை முகர்ந்தால் திராட்சை எந்த மலையில் விளைந்தது, மலையின் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார் என்பார்கள். கொஞ்சம் வற்புறுத்தினால், பறித்தவன் காலையில் என்ன சாப்பிட்டான் என்பதையும்.

ஜன்னலுக்கு வெளியே ஸ்டீன் திராட்சைக் கொடிகள், பந்தலில்லாமல், குத்தவைத்த கிழவர்கள் போலச் சரிவெங்கும் நின்றன. வெளிநாட்டுக்காரர்கள் இந்தத் திராட்சையை ஷெனின் பிளாங்க் என்பார்கள். கொடிகள் கோபஸின் அப்பாவைவிட மூத்தவை. நிலம் மட்டும் வேறொருவருடையது. அந்த நிலக்காரர் சுருக்கமாகச் சொல்லியிருந்தார்: ஹட்டன் பாராட்டி எழுதினால் கொடி நிற்கும். இல்லையென்றால் பிடுங்கிவிட்டுக் கோதுமை.

வழக்கமாக டலீன்தான் சமையலறையில் புட்டியைத் திறந்து, முகர்ந்து பார்த்து, கதவிடுக்கில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவாள். இன்று அவள் அடுப்பில் ரொட்டியோடு இருந்த நேரம் பார்த்து, ஹட்டன் குளிர் அலமாரியிலிருந்து தானே ஒரு புட்டியை உருவி மேசையில் வைத்துவிட்டார்.

"இதைத் திறங்க. என் கண் முன்னாலேயே."

ஊற்றுகிறவன் முதலில் தான் முகர்ந்து, பழுதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் விருந்தாளிக்கு ஊற்ற வேண்டும். இந்தத் தொழிலின் மரியாதை அது. கோபஸ் தன் கோப்பையில் ஒரு வாய் ஊற்றினார். சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். குளிர்ச்சி தெரிந்தது. அது குளிர்சாதனத்தின் சாதனை.

"நல்லாயிருக்கு," என்றார்.

ஹட்டன் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கினார். சாய்த்தார். பிறகு மூக்கை நுழைத்தார். மூக்கு உள்ளேயே வெகுநேரம் தங்கியது. கோபஸின் உயிரும் அங்கேயே தங்கியது.

"மழைக்கு முந்தின கருங்கல்," என்றார் ஹட்டன் கடைசியில். "காட்டுத் தேன். கடல் காத்து. ஆனா பக்கத்துக் கடல் இல்ல, தூரத்துக் கடல்."

கோபஸ் மூச்சுவிட்டார்.

ஹட்டனுக்கு அருள் வந்துவிட்டது. பிரான்சில் லுவார் ஆற்றங்கரையில் இதே திராட்சை தத்துவம் பேசுகிறது, பக்கத்து ஸ்டெல்லன்பாஷில் கணக்கு பேசுகிறது, இங்கே பார்டபெர்க் மலையில்தான் அது மண்டியிட்டு ஜெபம் செய்கிறது என்றார். அதுவும் கிழக்குச் சரிவில்.

கொடிகள் நின்றது மேற்குச் சரிவில். கோபஸ் பலமாகத் தலையாட்டினார். இந்தப் பாராட்டுக்கு மலையையே திருப்பி வைக்கலாம்.

ஹட்டன் இன்னொரு வாய் உறிஞ்சி, கொப்பளித்து, வாளியில் துப்பினார். துப்பலில்கூட ஒரு கண்ணியம் இருந்தது.

அப்போது டலீன் சோம்பு ரொட்டித் தட்டோடு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"கோபஸ், நாயை உள்ள விட்டியா? நனைஞ்ச நாய் நாத்தம் குடலைப் புடுங்குது."

நாற்றத்தைத் தொடர்ந்து மேசைக்கு வந்தாள். கோபஸின் கோப்பையை எடுத்து முகர்ந்தாள். முகம் கோணிக்கொண்டது.

"அடக் கடவுளே! கார்க் கெட்டுப்போயிருக்கு. ஊறின அட்டைப்பெட்டி மாதிரி வீசுது. இதையா ரெண்டு பேரும் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க?"

கார்க் கெட்ட ஒயினைக் கண்டுபிடிக்க விமர்சகர் தேவையில்லை. தபால்காரர் போதும்.

கோபஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கொடிகள் ஒவ்வொன்றாக வேரோடு வெளியே வருவது தெரிந்தது. 'இதையா நல்லாயிருக்குன்னு சொன்னீங்க?' என்ற கேள்விக்காகக் காத்திருந்தார்.

கேள்வி வரவில்லை.

கண்ணைத் திறந்தார். ஹட்டன் தன் கோப்பைக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகம் காது வரை சிவந்திருந்தது.

ஜெபம் செய்த திராட்சையும் இதே புட்டியில்தான் இருந்தது என்பது கோபஸுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ரெண்டு வருஷமாச்சு," என்றார் ஹட்டன், கோப்பையிடம். "வீட்ல கூடச் சொல்லல."

அந்த இரண்டு வருடமும் ஹட்டன் எழுதியதையெல்லாம் கோபஸ் ஒரு வரி விடாமல் படித்திருந்தார்.

"எனக்கு எட்டு மாசம்தான்," என்றார், இளையவருக்குரிய பணிவோடு.

டலீன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்தாள். கெட்டதை வாளியில் கொட்டினாள். வேறு புட்டியைத் திறந்தாள். கோப்பையில் கொஞ்சம் ஊற்றி முகர்ந்தாள். நிதானமாக, இன்னொரு தடவை.

இரண்டு ஆண்களும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ம், இதுதான் நம்மளது," என்றாள். "பேரிக்காய் ஜாம் கிண்டுறப்ப, அடிபிடிக்கிறதுக்குச் சித்த முன்னால ஒரு வாசம் வருமே, அது. அப்புறம் வெயில்ல காஞ்ச வைக்கோல். அதுக்கும் பின்னால..."

ஹட்டன் சட்டைப்பையிலிருந்து அவசரமாகப் பேனாவை எடுத்தார்.

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கம்மா."